துருவக் குன்றுகளுக்கு ஓர் அணிந்துரை

அடைக்கலநாதன் மாஸ்டர் அதுவரை நாற்பத்தொரு புத்தகங்களுக்கு அணிந்துரை எழுதியிருந்தார். அவற்றில் மூன்றை வாசித்தும் இருந்தார்.

கவிதைத் தொகுதியோ, சமையற் குறிப்போ, நீரிழிவுக்கு நாட்டு வைத்தியமோ, கூட்டுறவுச் சங்கத்தின் பொன்விழா மலரோ, எது வந்தாலும் அவரிடம் தைத்து வைத்த சட்டை ஒன்று இருந்தது. கழுத்தையும் கையையும் கொஞ்சம் பிரித்துத் தைத்தால் யாருக்கும் பொருந்தும். ‘இந்நூலின் பக்கங்களூடே நான் நடந்தபோது’ என்று அது தொடங்கும். ‘தமிழ்கூறும் நல்லுலகம் இதனை வரவேற்கும் என்பதில் ஐயமில்லை’ என்று முடியும். அந்த ஐயமின்மை அணிந்துரைகளுக்கு மட்டுமே உரியது. மற்ற நேரமெல்லாம் மனிதர் ஐயத்திலேதான் வாழ்ந்தார். புதிதாக வந்த பங்குச் சுவாமி பிரசங்கத்தை இணையத்திலிருந்து எடுக்கிறாரோ என்று ஐயம். பக்கத்து வளவுக்காரர் வேலியை மழைக்குமழை ஒரு விரற்கடை நகர்த்துகிறாரோ என்று ஐயம். வானிலை அறிக்கையில் மழை என்றால் குடையை வீட்டில் விட்டுவிட்டுப் போவார்.

இருபத்தெட்டு வருடம் புவியியல் படிப்பித்தவர். ‘புவியியல் அடைக்கலநாதன்’ என்றால் கொழும்புத்துறையில் தொடங்கிப் பருத்தித்துறை வரைக்கும் தெரியும். ஓய்வு பெற்றபின் பாடசாலை கதிரையை எடுத்துக்கொண்டது, மேசையை எடுத்துக்கொண்டது, அந்தப் பெயரை மட்டும் அவரிடம் விட்டுவிட்டது. அவர் இன்னும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வெளியே போவது அந்தப் பெயருக்காகத்தான்.

நாற்பத்திரண்டாவது புத்தகம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வந்தது. மறுநாள் காலை நல்லூரில் ஒரு மண்டபத்தில் அதன் வெளியீட்டு விழா, ஆய்வுரையும் மாஸ்டர்தான். அட்டையில் வெள்ளைவெளேரென்ற மலைகள். மேலே ‘துருவக் குன்றுகள்’ என்று முழங்கை நீளத்துக்கு எழுத்து. கீழே, எறும்பு அளவில், ‘ஷிஹாப்’.

இந்த ஷிஹாப் ஐந்து சந்தியடியில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். சோனகத்தெருவில் பிறந்து, தொண்ணூறாம் ஆண்டு ஏழு வயதில் யாழ்ப்பாணத்து முஸ்லிம் சனம் முழுவதோடும் சேர்த்து வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் வளர்ந்து, கப்பலில் சமையற்காரனாகி உலகமெல்லாம் சுற்றியவர். அந்தச் சுற்றலில், பனிப் பிரதேசத்து மலைத்தொடர் ஒன்றை அளக்கப் போன பாறை ஆராய்ச்சிக்காரருக்கு இரண்டு கோடைகாலம் கூடாரத்தில் சமைத்துப் போட்டாராம். அவர்கள் மலையை அளந்தபோது இவர் மலையைப் பார்த்துக் கொப்பியில் எழுதினாராம். ஐந்து வருடத்துக்கு முன் ஊர் திரும்பினார். கொப்பி புத்தகமாகிவிட்டது.

பதிப்பித்தவர் அச்சகக்காரர் தேவராசா. இரண்டு மாதத்துக்கு முன் அவர் மாஸ்டருக்கு வாட்சப்பில் அட்டைப் படத்தை மட்டும் அனுப்பி, ‘சேர், வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு பக்கம்’ என்று கேட்டார். மாஸ்டருக்கு அட்டையே தாராளம். துருவம் என்றால் என்ன? துருவ நட்சத்திரம். அது எங்கே நிற்கிறது? வடக்கே. கொழும்புத்துறையில் கடலுக்குப் போகிறவன் எவனைக் கேட்டாலும் கையை வடக்கே நீட்டுவான். மாஸ்டரும் பேனாவை வடக்கே நீட்டினார். ‘வெண்கரடிகள் கூட்டம் கூட்டமாய் உலாவும் வடதுருவத்தின் சிகரங்களூடே ஆசிரியரின் கைபற்றி நடந்தேன், என் பாதங்கள் விறைத்தன’ என்று எழுதினார். உண்மையில் அன்று மின்விசிறி பழுதாகி வியர்த்துக்கொண்டிருந்தது.

இப்போது அந்த இரண்டு பக்கத்தையும் அச்சில் இரண்டு தரம் வாசித்தார். பிழையில்லை. தன் படமும் நன்றாக விழுந்திருந்தது. மீன்குழம்போடு சாப்பிட்டுவிட்டுச் சாய்மனைக் கதிரையில் சரிந்தவரின் நெஞ்சில் புத்தகம் தானாகவே முப்பத்தோராம் பக்கத்தில் பிளந்துகொண்டது. தேவராசாவின் பைண்டிங் அப்படி. தற்செயலாகத்தான் கண் அதில் விழுந்தது.

‘மார்கழி மாதம். சூரியன் மறையவே இல்லை. பலகாரத் தட்டைச் சுற்றும் இலையான் மாதிரி வானத்தைச் சுற்றிச்சுற்றி வந்தது. மத்தியானத்தில் அது நேர் வடக்கே நின்றது.’

மாஸ்டர் எழும்பி உட்கார்ந்தார்.

மார்கழியில் வடதுருவத்தில் சூரியனோ? தோடம்பழத்தில் ஈர்க்கைக் குத்தி, மெழுகுதிரிக்கு முன்னால் சுற்றிக் காட்டி, மார்கழியில் வடதுருவம் கும்மிருட்டு என்று இருபத்தெட்டு வருடம் படிப்பித்த மனிதர் அவர். பக்கத்தைத் தட்டினார். நாற்பத்து நாலாம் பக்கத்தில் குன்றுகளின் பெயர்கள் இருந்தன. வரைபடத்தில் அவற்றுக்கு வெறும் இலக்கம்தான் இருந்ததாம். சமையற்காரன் தனக்கு அடையாளமாய்ப் பெயர் வைத்தானாம். பிட்டுக்குழல், அகப்பை, அம்மி, குழவி, தேங்காய் துருவும் திருவலை. உலகப் படத்தில் எங்கே இருக்கிறது திருவலை மலை? ஐம்பத்தேழாம் பக்கத்தில், ‘இங்கே கடுங்குளிர் தெற்கிலிருந்து வரும். திசை சோளகத்தின் திசை; குணமோ வாடையின் குணம்’ என்று இருந்தது. மாஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. குளிர்காற்று வடக்கேயிருந்து வரும் வாடை என்பது தெருவில் நிற்கும் மாட்டுக்கும் தெரியும். கடைசியாக, அணிந்துரையில் தான் அவிழ்த்துவிட்ட கரடிகளை உள்ளே தேடினார். அங்கிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரு கரடி இல்லை. வழிதவறி வந்த ஒரு பறவைதான் இருந்தது. அதுவும் இவருடைய ரொட்டியைத் தின்றுவிட்டுப் போய்விட்டது.

சிரிப்பு நின்றது. இந்தப் பொய்க்கு முன்னால் இரண்டு பக்கம் சாட்சி சொல்லியிருப்பவர் யார் என்று நினைவு வந்தது.

“இஞ்சருங்கோ, ஏன் முகம் இப்பிடிக் கறுத்துப் போச்சு? குழம்புக்கு உப்புக் கூடிப்போச்சோ?” என்றாள் மனைவி யசிந்தா.

“உவன் போகேல்லை.”

“ஆர்? எங்கை போகேல்லை?”

“கடைக்கார ஷிஹாப். துருவத்துக்குப் போகேல்லை. கப்பல் குசினிக்குள்ளை ஐஸ்பெட்டியைத் திறந்து பாத்திட்டு எழுதியிருக்கிறான்.”

“நீங்கள் வாசிச்சுத்தானே எழுதினியள்?”

மாஸ்டர் யன்னலைப் பார்த்தார்.

“சரி, விளங்கிச்சுது” என்றாள் யசிந்தா. “பாதம் விறைச்சது எண்டு எழுதினியளே, அப்பவே நினைச்சனான். கோயில்லை சப்பாத்தைக் கழட்டவே பஞ்சிப்படுற மனிசன்.”

“பகிடியை விடும். நாளைக்கு நூறு பேருக்கு முன்னாலை ஆரும் கண்டுபிடிச்சா என்ரை பேரெல்லோ போகும்? இல்லாத மலைக்குச் சாட்சி சொன்ன புவியியல் அடைக்கலநாதன் எண்டெல்லோ சொல்லுவினம்? எனக்கு இருக்கிறது அது ஒண்டுதான், யசிந்தா.”

அவள் சிரிப்பை விட்டாள். “அப்ப இப்பவே போய்க் கேளுங்கோ.”

ஸ்கூட்டியில் போகும் வழியெல்லாம் மாஸ்டர் குறுக்கு விசாரணைக்கு வசனம் சேர்த்தார். ஷிஹாப்பிடம் ஆதியிலிருந்தே அவருக்கு ஒரு நெருடல். பேச்சில் பாதி யாழ்ப்பாணம், பாதி புத்தளம். கேட்டால் கேட்டதற்கு மட்டும் பதில். அதிகம் பேசாதவனிடம் எதுவோ இருக்கிறது என்பது அதிகம் பேசுகிற மாஸ்டரின் நம்பிக்கை.

கடை மத்தியானச் சாப்பாடு முடிந்து வெறுமையாக இருந்தது. ஷிஹாப் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். அவர் மனைவி ஜிஹானா இரவுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தாள். மாஸ்டரைக் கண்டதும் இருவர் கையும் நின்றன.

“வாங்க சேர். பிளேன்ரீ ஊத்தவா?”

“தேத்தண்ணி பிறகு குடிக்கலாம் தம்பி. நேராக் கதைக்கிறன், கோவிக்கக்கூடாது. நீர் அந்த மலைக்குப் போனதுக்கு அத்தாட்சி ஏதும் இருக்கோ?”

ஷிஹாப் கத்தியைக் கீழே வைத்தார். கோபிக்கவில்லை, அதுவும் மாஸ்டருக்குச் சந்தேகமாகத்தான் பட்டது. கையைத் துடைத்துக்கொண்டு லாச்சியைத் திறந்து தடித்த ஃபைல் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

“எதுக்கு சேர் அத்தாட்சி வேணும்? பிறந்ததுக்கா, இருந்ததுக்கா, போனதுக்கா? மூண்டும் தனித்தனியா வச்சிருக்கிறன்.”

மாஸ்டர் அதைப் பகிடியென்று நினைத்தார். பிரித்தபோது அப்படி இல்லை. சோனகத்தெருவில் பிறந்த சான்றிதழ். வாப்பாவின் பெயரில் காணி உறுதியின் பிரதி. கிராம அலுவலருக்குக் கொடுத்த கடிதம், அவர் கொடுத்த பதில், பதிலுக்குக் கொடுத்த கடிதம். ‘மேற்படி நபர் இவ்விடத்தில் வசித்தார் என்பதை உறுதிப்படுத்தி’ என்று ஊர்ப் பெரியவர் நாலு பேரின் கையெழுத்து. சொந்த ஊருக்குத் திரும்பி வர ஒரு மனிதனுக்கு இவ்வளவு கடதாசி வேண்டியிருந்தது. அதற்குப் பின்னால்தான் துருவம் வந்தது. கப்பல் கொம்பனியின் கடிதம், கடவுச்சீட்டு, படங்கள். ஒரு படத்தில் செம்மஞ்சள் மேலங்கியோடு ஷிஹாப் பனியில் நின்றார். கையில் அகப்பை.

“படம் கொம்பியூட்டரிலை ஒட்டலாம்” என்றார் மாஸ்டர்.

“ஒட்டலாம் சேர்.”

“சரி, இதுக்குச் சொல்லும். மார்கழியிலை அங்கை வெயில் எண்டு எழுதியிருக்கிறீர்.”

“ஓம் சேர். இருபத்துநாலு மணித்தியாலமும்.”

“குளிர் தெற்காலை வருதெண்டுறீர். வடக்காலையெல்லோ வரவேணும்?”

“துருவம் தெற்கால இருக்கும்போது குளிர் எப்பிடி சேர் வடக்கால வரும்?”

“எந்தத் துருவம் தெற்காலை இருக்கு?”

ஷிஹாப் மாஸ்டரின் கையிலிருந்த புத்தகத்தைக் காட்டினார். “தென்துருவம் சேர். ஒன்பதாம் பக்கம், முதலாவது வரி.”

மாஸ்டரின் அணிந்துரை எட்டாம் பக்கத்தில் முடிந்திருந்தது. அதற்கு அடுத்த பக்கத்தை அவர் புரட்டியே பார்க்கவில்லை. இப்போது புரட்டினார். ‘தென்துருவத்துப் பனித்தட்டில், கடலிலிருந்து அறுநூறு மைல் உள்ளே’ என்று புத்தகம் தொடங்கியது. பக்கத்துக் கடையில் யாரோ கொத்துரொட்டித் தகட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். தோடம்பழத்தின் அடிப்பக்கத்திலும் ஒரு துருவம் இருக்கிறது என்று அவர் வருடாவருடம் படிப்பித்துத்தான் இருந்தார்.

“அட்டையிலை துருவம் எண்டு மட்டும்தானே இருந்தது” என்றார் சத்தமில்லாமல்.

“தேவராசா அண்ணைதான் எழுத்துப் பெருசா வரவேணுமெண்டு ‘தென்’னைத் தூக்கினவர்.”

“அப்ப என்ரை அணிந்துரையிலை பிழை இருக்கெண்டு உமக்கு முதலே தெரியும்.”

“தெரியும்.”

“ஏன் சொல்லேல்லை?”

பதில் ஜிஹானாவிடமிருந்து வந்தது. “நாங்க நினைச்சம், நீங்க வேணுமெண்டு எழுதியிருக்கிறீங்க எண்டு. பெரிய புவியியல் சேர், வடக்குத் தெற்குத் தெரியாமலா எழுதுவார்? சபையில வச்சு எங்கட ஆளைப் பொய்யனாக்கத்தான் இப்பிடி எண்டு நினைச்சிட்டம். அதுதான் அவர் ஃபைலை ஒழுங்காக்கி வச்சிருக்கிறார்.”

மாஸ்டருக்கு இது புது அனுபவம். சந்தேகப்படுவதுதான் இதுவரை அவர் வேலை, சந்தேகிக்கப்படுவது அல்ல.

“அச்சுப்பிழை எண்டு ஒரு துண்டு ஒட்டுவமே?” என்றார்.

“வடக்கைத் தெற்காக்கலாம் சேர். கரடியும் அச்சுப்பிழையா?”

பிறகு மாஸ்டர், தன் வாழ்நாளில் கண்ட ஒரேயொரு உறுதியான உண்மையை எடுத்து வைத்தார். “தம்பி, ஆரும் வாசிக்கமாட்டினம். விடுவம். நானும் நாளைக்குப் பொதுவாக் கதைச்சிட்டு இருந்திடுறன்.”

“உங்கட விருப்பம் சேர்” என்றார் ஷிஹாப். பிளேன்ரீ வந்தது. இஞ்சி அளவாக இருந்தது. மாஸ்டர் பாதி குடித்துவிட்டு எழும்பினார்.

பின்னேரம் வீட்டில் அவர் ஒன்பதாம் பக்கத்திலிருந்து வாசித்தார். ஊர் அளவு அகலமும் பனைக்கு மேல் பனையாக நூறு பனை ஆழமும் உள்ள பனி. அதற்குள் கழுத்துவரை புதைந்து தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் ஐந்து குன்றுகள். பிட்டுக்குழலுக்கும் அகப்பைக்கும் இடையில் பனியே விழாத வறண்ட பள்ளத்தாக்கு. அங்கே காற்று மணலை வீசிவீசி, பாறைகளைத் தேன்வதை மாதிரித் துளைத்து வைத்திருந்தது. அம்மியின் அடியில் ஒரு குளம். மேலே ஆள் உயரத்துக்குப் பனி மூடி, கீழே சூரியனைக் காணாத தண்ணீர். குழவியின் வடக்குச் சரிவில் மட்டும் கல்லிடுக்கில் விரல்நகம் அளவுப் பாசி. ‘இந்தக் குன்றுகளில் பிறந்தவர் எவருமில்லை. ஆகவே இங்கே வந்தான் வரத்தான் என்றும் எவருமில்லை’ என்று ஓரிடத்தில் இருந்தது. மாஸ்டர் அந்த வரியை இரண்டு தரம் வாசித்தார். நன்றாக இருந்தது. எங்கிருந்து எடுத்திருப்பான் என்று யோசித்தார்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை பார்த்துவிட்டு மாஸ்டர் மனைவியோடு நல்லூருக்குப் போனார். ஒன்பதரை விழா பத்தேகாலுக்குத் தொடங்கியது. விளக்கேற்றினார்கள், மௌனமாய் நின்றார்கள், வரவேற்றார்கள். வரவேற்றதை வாழ்த்தினார்கள். தலைமை தாங்கிய தேவராசா தான் தலைமை தாங்குவதற்குத் தகுதியற்றவர் என்பதை இருபது நிமிடம் நிரூபித்தார். மேடையின் ஓரக் கதிரையில் ஷிஹாப் மடியில் ஃபைலோடு இருந்தார்.

பிரதம விருந்தினர் ஒரு ஓய்வுபெற்ற பெரிய உத்தியோகத்தர். அவரும் அணிந்துரையோடு நிறுத்திக்கொண்டவர் என்பது இரண்டாவது வசனத்தில் தெரிந்தது. “வடதுருவத்திலே, வெண்கரடிகளுக்கு மத்தியிலே, நம் மண்ணின் மைந்தன்” என்று அவர் கையை வீசினார். சபை தட்டியது. மாஸ்டர் செருமினார். இவ்வளவுதான், முடிந்துவிட்டது என்று நினைத்தார்.

நாலாம் வரிசையில் பிலிப்பு எழும்பினார். குருநகர்க்காரர், பழைய கப்பல்காரர், எந்த விழாவில் வடை எப்போது வரும் என்று அறிந்தவர். வடை பிந்தியதால் கையிலிருந்த பிரதியைத் திறந்திருக்கிறார். அதுவும் முப்பத்தோராம் பக்கத்தில்தான் பிளந்தது.

“ஒரு சின்னக் கேள்வி. நான் மார்கழியிலை நோர்வேக்கு மேலை ஓடினனான். பகல் பன்ரெண்டு மணிக்கும் லைற் போட்டுத்தான் வேலை செய்தனாங்கள். வடதுருவம் எண்டு ஐயாவும் சொல்லுறார், எங்கடை சேரும் எழுதியிருக்கிறார். தம்பி மார்கழி முழுக்க வெயில் எண்டுறார். ரெண்டிலை ஒண்டு பொய். சேர் பொய் எழுதமாட்டார். அப்ப தம்பி எங்கை போனவர்?”

மண்டபம் தேன்கூடு மாதிரி இரைந்தது. பின்வரிசையில் ஒருவர், “புத்தளம் உப்பளத்தைப் பாத்திட்டுப் பனி எண்டு நினைச்சிட்டார் போலை” என்றார். சிரிப்பு வரிசை வரிசையாக முன்னால் வந்தது.

ஷிஹாப் ஃபைலைத் திறந்து, விரலை நனைத்து, தாள்களைப் புரட்டத் தொடங்கினார். அவசரமில்லாமல், தேடாமல், எந்தத் தாள் எங்கே இருக்கிறதென்று விரலுக்கே தெரிந்த மாதிரிப் புரட்டினார். பிறந்ததற்குத் தனி, இருந்ததற்குத் தனி. மாஸ்டருக்கு அந்த விரலைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. வாயைத் திறந்தால் பெயர் போகும். திறக்காவிட்டால் அந்த விரல் இன்னும் எத்தனை தாள் புரட்டும் என்று அவருக்குத் தெரியவில்லை.

எழும்பிப் போய் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“பிலிப்பு அண்ணை, பொய் என்னிலைதான். நான் புத்தகத்தை வாசிக்காமல் அணிந்துரை எழுதினனான். தம்பி போனது தென்துருவம். மார்கழியிலை அங்கை வெயில்தான். அவர் எழுதினது அவ்வளவும் சரி. கரடியெல்லாம் என்ரை.”

மண்டபம் அடங்கியது. முன்வரிசையில் அணிந்துரை எழுதுகிற வேறு நாலு பேர் இருந்தார்கள். நாலு பேரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். பிரதம விருந்தினர் தன் சப்பாத்தைப் பார்த்தார். மாஸ்டரின் நெற்றியில் வியர்வை இறங்கியது. போனது போகட்டும் என்று இருந்தது அவருக்கு.

ஆனால் தேவராசா ஒலிவாங்கியை வாங்கிவிட்டார். “பாத்தியளோ சபையோரே, இதைத்தான் பெருந்தன்மை எண்டுறது. ஒரு இளம் எழுத்தாளன் தடுமாறுற நேரத்திலை, பழியைத் தன்ரை தோளிலை போட்டுக்கொள்ளுற உள்ளம் ஆருக்கு வரும்?”

“இல்லை, நான் மெய்யாத்தான் வாசிக்கேல்லை” என்றார் மாஸ்டர். கைதட்டலில் அது கேட்கவில்லை. பொன்னாடை ஒன்று வந்து விழுந்தது. பிலிப்பு பக்கத்திலிருந்தவரிடம் குனிந்து, “சேர் ஏன் உந்தப் பொடியனைக் காப்பாத்துறார்? உதுக்குள்ளை ஏதோ இருக்கு” என்றது மட்டும் மேடைவரை கேட்டது.

விழா முடிந்து வடை வந்தது. ஷிஹாப்பைச் சுற்றி ஒரு கூட்டம். ஒருவர் கடவுச்சீட்டை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து முத்திரையைப் பார்த்தார். இன்னொருவர் படத்தை நகத்தால் சுரண்டினார். ஷிஹாப் எல்லோருக்கும் ஒரே குரலில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். மாஸ்டர் இடித்துக்கொண்டு உள்ளே போனார்.

“தம்பி, நான் எல்லாருக்கும் முன்னாலை சொன்னனான்.”

“ஓம் சேர். சொன்னீங்க.” முதன்முறையாக அவர் முகத்தில் ஒரு மெல்லிய சிரிப்பு. “நம்பேல்லைத்தானே. அதுக்குத்தான் சேர் ஃபைல்.”

வெளியே யசிந்தா ஸ்கூட்டியடியில் காத்திருந்தாள். படியிறங்கும்போது கவிஞர் பிரவீணன் ஓடிவந்து மறித்தார். கையில் தடித்த கட்டு.

“சேர், இண்டைக்கு நீங்கள் நிண்ட நிலையைப் பாத்துக் கண் கலங்கிப் போச்சு. இது என்ரை புதுத் தொகுதி. வெள்ளிக்கிழமைக்குள்ளை ரெண்டு பக்கம் தந்தியள் எண்டா காணும்.”

மாஸ்டர் கட்டை வாங்கினார். பாரமாக இருந்தது.

“வெள்ளிக்கிழமைக்கு ஏலாது தம்பி. வாசிச்சிட்டுத்தான் எழுதுவன்.”

பிரவீணனின் முகம் மாறியது. “வாசிக்கிறதோ?”

“ஓம்.”

“முழுக்கவோ?”

“முதலாம் பக்கத்திலையிருந்து.”

பிரவீணன் மெதுவாகக் கையை நீட்டிக் கட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அதை நெஞ்சோடு அணைத்தபடி மாஸ்டரை மேலும் கீழும் பார்த்தார்.

“ஏன் சேர், ஆரும் என்னைப் பற்றி ஏதும் சொன்னவையோ?”